பழனிமலைக் கதை – 17: குறிஞ்சி ஆண்டவருக்குக் கோயில் எழுப்பிய அம்மையார்

கொடைக்கானல் ஏரியிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தூரத்தில், மலை விளிம்பில் நிற்கிறது குறிஞ்சி ஆண்டவர் கோயில். சுற்றுலா வண்டிகள் அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் வழிகாட்டிகள் சொல்லும் செய்திகள் இரண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இந்த மலையில் உண்டு என்பது ஒன்று. இது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கட்டிய கோயில் என்பது மற்றொன்று. கேட்பவர்கள் வியப்போடு தலையாட்டுவார்கள், திருநீறு பூசிக்கொள்வார்கள், அடுத்த இடம் பார்க்க வண்டி ஏறிவிடுவார்கள்.

அந்த இரண்டாவது செய்தியில் பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்பவருக்கு, எங்கிருந்தோ வந்த ஒரு துரைசானி திடீரென்று முருகன் மேல் பக்தி கொண்டு பணத்தைக் கொட்டிக் கோயில் கட்டிவிட்டுப் போனார் என்று தோன்றும். நடந்தது வேறு. கோயில் எழுந்தது 1936-ல். அதைக் கட்டிய லீலாவதி இராமநாதன் அதற்கு 38 ஆண்டு முன்பே லண்டனில் அச்சான ஒரு நூலின் தலைப்பில் பெயர் பதித்தவர். இடைப்பட்ட காலத்தில் அவர் நூல் பதிப்பித்தார், கடல் கடந்து அமெரிக்கா போனார், யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான கல்லூரி ஒன்றைத் தாங்கி நடத்தினார். இலங்கைத் தமிழர்களின் முதன்மைத் தலைவர் ஒருவரின் மனைவியாக இருந்தார். இந்த வாரம் அவர் கதை.

போன இதழில் ஏரி வந்த கதையைப் பார்த்தோம். மதுரைக் கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் 1863-ல் கரை எழுப்பி நீரைத் தேக்கினார். அவர் பெயர் ஏரியோடு ஒட்டிக்கொண்டது. கோக்கர் என்ற அதிகாரி பெயரில் நடைபாதை, பிரையண்ட் என்ற வனத்துறைக்காரர் பெயரில் பூங்கா, மேஜர் லா பெயரில் மலைப்பாதை. எல்லாம் ஆண்கள் பெயர்கள். அந்த ஆண்களோடு மலை ஏறி வந்த பெண்களை ஆவணங்களில் தேடினால், 'திருமதி இன்னார்' என்று கணவர் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள்.

இந்த ஊரைப் பொறுத்தவரை அந்தப் பெண்களில் முந்தியவர்கள் அமெரிக்கர்கள். அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் தொடங்கியது. காலராவும் காய்ச்சலும் அவர்களை வரிசையாக வாரிக்கொண்டு போயின. சிறுமலையில் போய்த் தங்கிப் பார்த்தார்கள். உயரம் போதவில்லை, மலேரியா அங்கும் வந்தது. பிறகுதான் பழனிமலையின் உச்சிக்கு வந்து 1845-ல் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊரின் பிறப்பு அதுதான்.

அன்று மலை ஏறுவது லேசான காரியம் இல்லை. அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்ததே 1875-ல். அந்த ரயில் நிலையத்தைத்தான் இன்று கொடை ரோடு என்கிறோம். ரயில் வந்த பிறகும், அங்கிருந்து இரவெல்லாம் மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புக்கு வந்து, விடியலில் டோலியிலோ குதிரையிலோ செண்பகனூர் வழியாக ஏற வேண்டும். கைக்குழந்தையோடு டோலியில் உட்கார்ந்து வந்த அம்மாக்களைப் பற்றி மிஷன் வரலாறுகள் உருகி எழுதுகின்றன. அந்த டோலியைத் தோளில் சுமந்தவர்கள் பெயர் ஒன்றுகூட அவற்றில் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பாஸ்டனில் இருந்த மிஷனின் தலைமைச் சபை வெளியிட்ட பட்டியல்களில் ஆண் மிஷனரிகளின் பெயர் தனியாகவும், அவர்கள் மனைவியரின் பெயர் 'துணை மிஷனரிகள்' என்ற தலைப்பின் கீழும் இருக்கும். பள்ளி நடத்துவது, தையல் சொல்லிக்கொடுப்பது, வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசுவது, மருந்து கொடுப்பது என்று மதுரைச் சீமையில் அந்தத் துணைகள் செய்த வேலைக்கு அளவில்லை. சாரா கேப்ரன் என்பவர் கணவர் இறந்த பிறகும் ஊர் திரும்பாமல் மதுரையிலேயே தங்கிப் பெண்களுக்காக உழைத்தார். மதுரையில் பெண்கள் படித்த 'கேப்ரன் ஹால்' அவர் பெயரைச் சொல்லியது. கொடைக்கானலில் 1901-ல் தொடங்கிய அமெரிக்கப் பள்ளியின் முதல் தலைவி மார்கரெட் எடி. அவர் மிஷனரியின் மனைவிகூட இல்லை, தாய். மகன் ஷெர்வுட் எடியைப் பார்க்க கான்சாஸிலிருந்து வந்தவரிடம் இங்கிருந்த பெற்றோர் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. மதுரையில் 1948-ல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய கல்லூரிக்கு, மதுரை மில்லின் தலைவராக இருந்த சர் ஜேம்ஸ் டோக்கின் மனைவி பெயரை வைத்தார்கள். லேடி டோக் கல்லூரியில் படித்த ஆயிரக்கணக்கான பெண்களில் எத்தனை பேருக்கு அந்த அம்மையாரின் சொந்தப் பெயர் தெரியும்? வேறு யாராவது விசாரித்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

பெரிய மனிதரின் மனைவி என்பது விசித்திரமான பதவி. ஊதியம் கிடையாது, நியமன ஆணை கிடையாது, ஆனால் எல்லோரும் கணக்குக் கேட்பார்கள். இந்தப் பதவி உலகத்திலேயே மிக வெளிச்சமாகத் தெரிவது அமெரிக்காவில். எனவே சிறிது நேரம் கொடைக்கானலை விட்டு வாஷிங்டன் போய்வருவோம். நம் அம்மையாரும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம் போய் வந்தவர்தான்.

அமெரிக்க அரசியல் சாசனத்தில் ஜனாதிபதியின் மனைவி என்ற பேச்சே கிடையாது. அவருக்கு அலுவலர்களை அமர்த்திக்கொள்ளச் சட்டப்படி வழி பிறந்தது 1978-ல்தான். அதற்கு முன் இரு நூற்றாண்டுக் காலம் ஒவ்வொருவரும் தம் தைரியத்துக்கும் கணவரின் குணத்துக்கும் ஏற்றபடி இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அபிகெயில் ஆடம்ஸ், கணவர் ஜனாதிபதி ஆவதற்கு இருபது ஆண்டு முன்பே, 1776-ல், புதிய சட்டங்கள் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். ஜான் ஆடம்ஸ் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டார். டாலி மேடிசன் 1814-ல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனைக் கொளுத்த வந்தபோது, ஜார்ஜ் வாஷிங்டனின் பெரிய ஓவியத்தைக் காப்பாற்றிவிட்டுத்தான் கிளம்பினார் என்பது அங்கே பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கியது பணியாட்கள் என்று, அந்த வீட்டில் அடிமையாக இருந்த பால் ஜென்னிங்ஸ் பிற்பாடு எழுதி வைத்தார். டோலிக்காரர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

வெளிநாட்டில் பிறந்து ஜனாதிபதியின் மனைவியாக வெள்ளை மாளிகைக்கு வந்தவர்கள் இதுவரை இருவர்தான். லண்டனில் பிறந்த லூயிசா ஆடம்ஸ் 1825-லிருந்து நான்கு ஆண்டு இருந்தார். ஸ்லோவேனியாவில் பிறந்த மெலனியா டிரம்ப் நம் காலத்தவர். அந்நியப் பெண் என்ற ஏச்சு லூயிசாவை விடாமல் துரத்தியது. யாழ்ப்பாணத்தின் நெருக்கமான சைவ வேளாளச் சமூகத்துக்குள் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண் மருமகளாக நுழைந்தபோது என்ன பேசியிருப்பார்கள் என்று யோசிக்க இது ஓர் அளவு கொடுக்கிறது.

அந்தப் பெண்தான் நம் லீலாவதி அம்மையார். பிறந்த பெயர் ரோஸ் லிலியன் ஹாரிசன். அவர் இலங்கைக்கு வந்தபோது பொன்னம்பலம் இராமநாதன் தீவு முழுக்க அறிந்த பெயர். 1851-ல் பிறந்தவர், மாமா சர் முத்துக் குமாரசுவாமி 1879-ல் இறந்ததும் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டவர், 1892-லிருந்து சொலிசிட்டர் ஜெனரல். தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு யோகமும் சித்தாந்தமும் பயின்றவர். வெள்ளைக்காரப் பெண்ணை மணப்பது அந்தக் குடும்பத்துக்குப் புதிதும் இல்லை. மாமா முத்துக் குமாரசுவாமி 1875-ல் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தவர். அவர்கள் பிள்ளைதான் கலை உலகம் கொண்டாடும் ஆனந்த குமாரசுவாமி.

இராமநாதனிடம் ஹாரிசன் வந்தது மாணவியாக. கிறிஸ்தவ வேதத்தைச் சைவ அனுபவத்தின் வெளிச்சத்தில் படித்தால் எப்படி இருக்கும் என்பது இராமநாதனுக்கு இருந்த பெரிய ஆர்வம். அவர் சொல்லச் சொல்ல ஹாரிசன் எழுதினார். மத்தேயு சுவிசேஷத்துக்கு அப்படிப் பிறந்த உரை 1898-ல் லண்டனில் வெளிவந்தது. உரைகாரராக இராமநாதன் வைத்துக்கொண்ட பெயர் ஸ்ரீ பரானந்தர். அவர் ஆர்.எல். ஹாரிசனுக்கு விளக்கியது என்று தலைப்பிலேயே அச்சாகியிருந்தது. யோவான் சுவிசேஷத்துக்கான உரை 1902-ல் வந்தது. அதைப் பதிப்பித்தவரும் ஹாரிசன்தான். முதலெழுத்துகளை மட்டும் பார்த்துப் புத்தகம் வாங்கியவர்களுக்கு அவர் பெண் என்று தெரிய வழியே இல்லை.

இங்கே அமெரிக்காவின் லூ ஹூவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1898-ல், அதாவது ஹாரிசனின் முதல் நூல் வந்த அதே ஆண்டு, நிலவியலில் பட்டம் பெற்றவர் அவர். சுரங்கத் தொழில் பற்றிய பதினாறாம் நூற்றாண்டு லத்தீன் நூல் ஒன்றைக் கணவர் ஹெர்பர்ட் ஹூவரோடு சேர்ந்து பல ஆண்டு உழைத்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1912-ல் வந்த அந்தப் புத்தகத்தின் முகப்பில் இருவர் பெயரும் உண்டு. லத்தீன் தெரிந்தவர் லூ. சுரங்கம் தெரிந்தவர் ஹெர்பர்ட். பதினேழு ஆண்டு கழித்து ஹெர்பர்ட் ஜனாதிபதியானபோது, விருந்தினருக்குத் தேநீர் கொடுக்கும் அம்மாளாகவே நாடு லூவைப் பார்த்தது. அறிவு உழைப்பை மறக்கடிப்பதில் இந்தப் பதவிக்கு இணை இல்லை.

1905-ல் இராமநாதன் அமெரிக்கா கிளம்பினார். அழைத்தவர் மைரன் பெல்ப்ஸ் என்ற நியூயார்க் வழக்கறிஞர். மெய்ன் மாநிலத்தில் கிரீன் ஏக்கர் என்ற இடத்தில் கோடைதோறும் பல சமயத்தவர் கூடிப் பேசும் மாநாடு நடக்கும். விவேகானந்தர் 1894-ல் பேசிய இடம். இராமநாதன் அங்கும் வேறு நகரங்களிலும் பேசினார். அந்தச் சொற்பொழிவுகள் 1906-ல் நியூயார்க்கில் நூலாயின. உடன் சென்ற ஹாரிசன் செயலாளராக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஊர் திரும்பியபின் அந்தப் பயணத்தைப் பற்றிக் கீழைத்தேய மாணவர்களுக்காக அவரே ஒரு நூல் எழுதினார். 1907-ல் வந்த அந்த நூல் அமெரிக்கா பற்றியது. எழுதியவர் ஆஸ்திரேலியப் பெண். நாயகர் யாழ்ப்பாணத் தமிழர். படிக்க வேண்டியவர்கள் கீழைநாட்டுப் பிள்ளைகள். மேற்கிலிருந்து வந்தவர்கள் நம்மைப் பற்றி எழுதிக் குவித்த காலத்தில், பார்வையை மறுபக்கம் திருப்பியது அந்தப் புத்தகம். இன்னும் யாராவது அதைத் தமிழில் கொண்டுவர வேண்டும்.

அவர்கள் அமெரிக்காவில் இருந்த நாட்களில் வெள்ளை மாளிகையில் இருந்தவர் தியடோர் ரூஸ்வெல்ட். அவர் மனைவி எடித் 1901-ல் இசபெல்லா ஹாக்னர் என்ற பெண்ணைத் தம் செயலாளராக அமர்த்திக்கொண்டார். ஜனாதிபதியின் மனைவிக்கென்று ஒரு செயலாளர் அமைந்தது அதுதான் முதல் தடவை. வரும் கடிதங்களுக்குப் பதில், விருந்துப் பட்டியல், பத்திரிகைகளுக்கு என்ன சொல்வது என்ன மறைப்பது எல்லாம் அந்தச் செயலாளர் வேலை. கிரீன் ஏக்கர் மேடையின் ஓரத்தில் ஹாரிசன் செய்துகொண்டிருந்ததும் இதுதான். இராமநாதனுக்குச் செயலாளர், பதிப்பாசிரியர், பிற்பாடு மனைவி என்று மூன்றும் ஒருவரே ஆனார். முதல் மனைவி செல்லாச்சி அம்மாள் வழியாக இராமநாதனுக்கு வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஹாரிசன் சைவத்தை ஏற்று லீலாவதி ஆனார். இருவருக்கும் பிறந்த மகள் சிவகாமசுந்தரி.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய இராமநாதனின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் பொதுவாழ்வின் உச்சம். படித்த இலங்கையர் அனைவருக்கும் சேர்த்து ஓர் உறுப்பினர் என்று 1911-ல் முதன்முதலாகத் தேர்தல் வைத்தபோது, சர் மார்க்கஸ் பெர்னாண்டோ என்ற சிங்களத் தலைவரை அவர் வென்றார். ஒரு தமிழர் முழுத் தீவின் பிரதிநிதியாக வாக்குப் பெற்றார். 1915-ல் சிங்கள-முஸ்லிம் கலவரத்தைச் சாக்காக வைத்து ஆங்கில அரசு சிங்களத் தலைவர்களைச் சிறையில் அடைத்தபோது, உலகப் போரின் நடுவில் கப்பலேறி லண்டன் போய் நியாயம் கேட்டார். திரும்பி வந்தவரைச் சிங்களவர்கள் வண்டியில் உட்காரவைத்து, குதிரையை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துப் போனார்கள். இலங்கை வரலாறு பிற்பாடு போன திசையை அறிந்த நமக்கு அந்த ஊர்வலத்தை நம்புவதே சிரமம்.

அந்த வண்டியைப் பற்றி எல்லா நூல்களிலும் இருக்கிறது. அதே ஆண்டுகளில் லீலாவதி அம்மையார் எங்கிருந்தார், என்ன செய்தார் என்பதை அறிய யாழ்ப்பாணத்து மருதனார்மடத்துக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெண்கள் படிக்க வேண்டுமானால் மிஷன் பள்ளிகளுக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை மாற, இராமநாதன் 1913-ல் அங்கே சைவப் பெண்களுக்கான கல்லூரியைத் திறந்தார். முதல் தலைவியாக வந்தவரைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். லண்டன் நாடகமேடையில் புகழ்பெற்ற நடிகை, கவிஞர் யேட்ஸுக்கும் பெர்னார்ட் ஷாவுக்கும் நெருங்கிய தோழி, ஃபுளோரன்ஸ் ஃபார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1912-ல் இலங்கைக்குக் கப்பலேறியவர், யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்கு நடுவே வாழ்ந்து, புற்றுநோயால் 1917-ல் கொழும்பில் இறந்தார்.

பின்னாளில் கல்லூரியின் அதிபர் பொறுப்பு லீலாவதி அம்மையாரிடம் வந்தது. விடுதிப் பிள்ளைகளின் சாப்பாடு, ஆசிரியைகள், பூசை, பாடத்திட்டம் எல்லாம் ஓர் அதிபரின் அன்றாடம். கணவர் மேடையில் சொன்னதை இவர் வகுப்பறையில் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. 1921-ல் இராமநாதனுக்குச் சர் பட்டம் கிடைத்ததும் இவர் லேடி இராமநாதன் ஆனார். யாழ்ப்பாணத்தில் இன்றும் முதியவர்கள் சொல்வது அந்தப் பெயரைத்தான்.

இந்த இடத்தில் ஒரு முரணை மறைக்கக் கூடாது. பெண்களுக்குக் கல்லூரி கட்டிய அதே இராமநாதன், அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க டொனமூர் குழு 1927-28-ல் இலங்கைக்கு வந்தபோது எல்லோருக்கும் வாக்குரிமை என்பதை எதிர்த்தார். பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்பதும் அதில் அடக்கம். குழு அவர் பேச்சைக் கேட்கவில்லை. 1931-ல் இலங்கையில் ஆண் பெண் எல்லோரும் வாக்களித்தார்கள். அமெரிக்காவிலும் கதை இப்படித்தான் கோணல். 1919 அக்டோபரில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்தபின், யார் அவரைப் பார்க்கலாம், எந்தக் கோப்பு அவர் கட்டிலுக்குப் போகலாம் என்று தீர்மானித்தது அவர் மனைவி எடித் வில்சன். அந்த எடித், வாக்குரிமை கேட்டு வெள்ளை மாளிகை வாசலில் நின்ற பெண்களை வெறுத்தவர். பின்கட்டு வழியாக அதிகாரம் கிடைத்தவர்களுக்கு முன்வாசலில் வரிசையில் நிற்பவர்கள் மேல் எரிச்சல் வருவது புதிதல்ல. லீலாவதி அம்மையாரை அந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனம் இல்லை. அவர் நடத்திய கல்லூரியில் படித்த பெண்கள் 1931-க்குப் பிறகு வாக்குச்சாவடிக்குப் போனார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1930 நவம்பரில் இராமநாதன் காலமானார்.

நம் சமூகத்தில் அன்று ஒரு கைம்பெண்ணின் பொதுவாழ்வு அத்தோடு முடிந்துவிடும். இதற்கு விதிவிலக்கான ஒரு பழைய தமிழ் மரபு இருந்ததை இங்கே சொல்ல வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் சோழ மன்னர் கண்டராதித்தர் இறந்தபின், அவர் தேவி செம்பியன் மாதேவி காவிரிக் கரையில் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கிக்கொண்டே போனார். கோனேரிராஜபுரத்துக் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்து, அவர் சிவனை வழிபடும் உருவத்தையும் சுவரில் செதுக்கவைத்தார். கல்வெட்டு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆட்சி செய்தவர்கள் கணவரும் அவர் குடும்பத்து ஆண்களும். ஆனால் அந்த அறுபது ஆண்டில் சோழநாட்டுக் கோயில் கலையின் போக்கைத் தீர்மானித்தவர் அவர். மதுரையில் இராணி மங்கம்மாளும் கணவனையும் மகனையும் இழந்தபின்தான் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பேற்று, 1706 வரை சாலையும் சத்திரமுமாக நாட்டை நிரப்பினார். பழனிமலை அடிவாரம் அவர் ஆண்ட சீமைதான்.

லீலாவதி அம்மையார் 1936-ல் கொடைக்கானலில் செய்தது இந்த மரபில் வரும் செயல். வெள்ளைக்காரப் பெண் செய்த விநோதம் என்று பார்ப்பதைவிட, ஒரு சைவத் தலைவரின் கைம்பெண் தம் பொறுப்பிலேயே எடுத்த முடிவு என்று பார்ப்பதே சரி என்பது என் எண்ணம். கணவர் குடும்பம் கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரருக்குக் கோயில் கட்டிய குடும்பம். அதைக் கருங்கல் கோயிலாக மாற்றியவர் இராமநாதன். கல்லும் சிற்பியும் ஆகமமும் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. ஆனால் கணவர் கட்டியது சிவனுக்கு. இவர் எடுத்தது முருகனுக்கு.

இடத்தைத் தேர்ந்ததும் யோசித்துத்தான். இந்த மலையின் வடசரிவில் இறங்கினால் பழனி. மேலே பூம்பாறையில் குழந்தை வேலப்பர் பல நூற்றாண்டாக இருக்கிறார். குறிஞ்சி நிலத்துக்குத் தெய்வம் சேயோன் என்று வகுத்தது தொல்காப்பியம். ஆக, மலைக்கு மேலும் கீழும் முருகன் இருக்க, ஐரோப்பியர் நகரமாக வளர்ந்த கொடைக்கானலில் மட்டும் மாதா கோயில்களும் தேவாலயங்களும் நிறைந்திருந்தன. ஏரிக்கரையில் படகு மன்றம், கிளப், மிஷன் பங்களாக்கள் என்று வளர்ந்த அந்த நகரத்தில், பழனியை நோக்கிய விளிம்பில் முருகனை நிறுத்தினார் அவர். அதுவும் வெள்ளைக்காரர்கள் தாமாக ஏற்படுத்திக்கொண்ட ஊர் என்று நினைத்த இடத்தில், பிறப்பால் அவர்களைச் சேர்ந்த ஒரு பெண். கிளப்பில் அன்று மாலை என்ன பேசிக்கொண்டார்களோ!

சாலை இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. 1916-ல் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் ஏறத் தொடங்கியபின்தான் கொடைக்கானலுக்குக் கல்லும் சுண்ணாம்பும் ஆட்களும் எளிதாக வந்து சேர முடிந்தது.

குறிஞ்சி பூக்கும் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். 2018, 2006, 1994, 1982 என்று போனால் 1934-ல் வந்து நிற்கும். கோயில் எழுவதற்கு இரண்டு ஆண்டு முன்னால் இந்தச் சரிவுகள் நீலமாகப் பூத்திருக்க வேண்டும். பழனிக்கு வந்தவர் தண்டாயுதபாணி, பூம்பாறைக்கு வந்தவர் குழந்தை வேலப்பர், இங்கே வந்தவருக்கு அந்தப் பூவின் பெயர்.

அமெரிக்காவில் எலினார் ரூஸ்வெல்ட்டின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கணவர் பிராங்க்ளின் ஜனாதிபதியாக இருந்த பன்னிரண்டு ஆண்டில் அவர் பத்திரிகையாளர் கூட்டம் நடத்தினார், 1935-லிருந்து நாளேட்டில் பத்தி எழுதினார், சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப் பார்த்தார். ஆனால் அவர் பெயர் உலக வரலாற்றில் நின்றது கணவர் 1945-ல் இறந்தபின் செய்த வேலையால். மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கிய ஐ.நா. ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். பிரகடனம் 1948-ல் நிறைவேறியது. 1952-ல் இந்தியாவுக்கு வந்தபோது ஜனாதிபதியின் மனைவி என்ற அடைமொழி அவருக்குத் தேவைப்படவில்லை. அளவில் பெரிய வித்தியாசம் உண்டுதான். ஆனாலும் இருவர் விஷயத்திலும், கணவரின் நிழல் விலகியபின் வந்த முடிவுகளில்தான் அவரவர் சொந்த மனம் தெரிகிறது.

குடும்பத்தின் பொதுவாழ்வு மகளோடும் தொடர்ந்தது. சிவகாமசுந்தரியை மணந்தவர் தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போன சு. நடேசபிள்ளை. இராமநாதன் 1921-ல் ஆண்களுக்காகத் திருநெல்வேலி என்ற ஊரில் நிறுவிய பரமேசுவரக் கல்லூரிக்கு (நம்முடைய நெல்லை அல்ல, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி) நடேசபிள்ளை அதிபராக இருந்தார். 1952 பொதுத்தேர்தலில் காங்கேசன்துறையில் ஈழத்தமிழர் தலைவர் தந்தை செல்வாவையே தோற்கடித்து நாடாளுமன்றம் போனார், பிறகு அமைச்சர். இசையிலும் தமிழிலும் ஊறியவர். பரமேசுவரக் கல்லூரி வளாகத்தில்தான் 1974-ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வித்து விழுந்தது.

கொடைக்கானல் கோயில் பின்னர் பழனி தண்டாயுதபாணி தேவஸ்தானத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பழனி ஆண்டவரின் உபகோயிலாக அங்கே இன்று பூசை நடக்கிறது. யாழ்ப்பாணத்துப் பணம், ஆஸ்திரேலியப் பிறப்பு, பழனி நிர்வாகம், கொடைக்கானல் மலை எல்லாம் ஒரே கருவறைக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கின்றன. வேறெந்தக் கோயிலுக்கும் இப்படி ஒரு ஜாதகம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தேவஸ்தானத்துக்கு ஒரு வேண்டுகோள். கோயிலைக் கட்டியவரைப் பற்றி வழிகாட்டிகள் வாயால் கேட்டுத்தான் பக்தர்கள் அறிய வேண்டும் என்ற நிலை வேண்டாம். பிறந்த பெயர், எழுதிய நூல்கள், நடத்திய கல்லூரி, கோயில் எழுந்த ஆண்டு இவ்வளவையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகையில் எழுதி வாசலில் வைக்கலாம். அடுத்த குறிஞ்சி 2030-ல் பூக்கும்போது லட்சக்கணக்கானவர்கள் வருவார்கள். அதற்குள் செய்துவிட்டால் நல்லது. வாசகர்களுக்கும் ஒன்று. இராமநாதன் கல்லூரியில் படித்த பாட்டி, பெரியம்மா, அத்தை யாராவது உங்கள் வீட்டில் இருந்து, அம்மையாரின் படமோ அவர் கையெழுத்திட்ட சான்றிதழோ கடிதமோ பெட்டியில் கிடந்தால், நகல் எடுத்து ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள்.

(அடுத்த இதழில்: வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் ஏறிய கதை)